கல்ஃபில் ஒரு கௌரவப் பிரஜை

ஜேர்மனியின் கறுப்புக் காட்டு ஓரத்தில், நாகோல்ட் ஆற்றை அணைத்தபடி கிடக்கிற சின்ன நகரம் கல்வ். கால் லட்சம் சனம்கூடத் தேறாது. எழுதுவது கல்வ் என்றாலும் ஊர்க்காரர் வாயில் அது 'கல்ஃப்'. 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, மேற்கே போகும் ரயிலில் ஏறி, கடைசியில் இந்த மாவட்டத்து அகதி முகாமில் என்னைக் கொண்டுவந்து விட்டபோது, அம்மாவுக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டியிருந்தது. சாவகச்சேரித் தபால் கந்தோரில் அரை நாள் காத்திருந்து அவர் எடுத்த அழைப்பில், இரைச்சலுக்குள் நான் கத்திச் சொன்ன ஒரே சொல் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கை முழுக்க, நான் கல்ஃபில் இருக்கிறேன் என்றே கதை. ஒட்டகம் பார்த்தாயா என்று பெரியம்மா கடிதத்தில் கேட்டிருந்தார்.

ஒட்டகம் இல்லை, பனி இருந்தது. கையில் ஒரு கடதாசியும் இருந்தது. தஞ்சம் கேட்டவர் தம் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய சட்டம். கறித்தூள் ஃபோர்ட்ஸ்ஹைமில் கிடைக்கும். அது இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் எல்லைக்கு அப்பால். ஒரு கிலோ தூளுக்காகப் போய் அகப்பட்டு, தூளின் விலையைப் போலப் பல மடங்கு தண்டம் கட்டிய நாள் ஒன்றுண்டு. ஆக, எனக்கு விதிக்கப்பட்ட உலகம் நாகோல்ட் பள்ளத்தாக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் போக இடம் இல்லாமல், ஆற்றுக்கு மேலே இருக்கிற பழைய கல் பாலத்தில் போய் நிற்பேன். நடுவில் சின்னஞ்சிறிய ஒரு தேவாலயம் ஒட்டிக்கொண்டிருக்கும். நிக்கோலாஸ் பாலம் என்று பெயர். 1400 வாக்கில் கட்டினது. 1692இல் பிரெஞ்சுப் படை ஊரையே எரித்ததால், இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிற மரச்சட்ட வீடுகளெல்லாம் அந்தத் தீக்குப் பிறகு எழுந்தவை.

அதே பாலத்தில் சிறுவனாக நின்று தூண்டில் போட்டவர் ஹெர்மன் ஹெஸ்ஸே என்பது எனக்குப் பல வருடம் தெரியாது. பிளாரன்ஸ் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தைவிட இந்தப் பாலம் தனக்குப் பெரிது என்று பின்னாளில் எழுதிய மனுசன். திருலோக சீதாராம் தமிழாக்கிய 'சித்தார்த்தன்' புத்தகத்தை யாழ்ப்பாணத்தில் இரவல் வாங்கிப் படித்திருந்தேன். அதை எழுதியவர் பிறந்த வீடு நான் ரொட்டி வாங்கும் கடைக்கு எதிரே இருக்கிறது என்று, முகாமில் எங்களுக்கு மொழி சொல்லித் தர வந்த ஓய்வுபெற்ற ஆசிரியைதான் சொன்னார். அவரே இன்னொன்றும் சொன்னார்: 1947இல் கல்வ் நகரசபை ஹெஸ்ஸேயை 'ஏரன்பியூர்கர்' ஆக்கியது. கௌரவப் பிரஜை.

இந்த நாட்டில் ஒரு நகரம் ஒரு ஆளுக்குக் கொடுக்கக்கூடிய ஆகப்பெரிய மரியாதை அது. எங்கள் மாநிலத்தின் நகராட்சிச் சட்டத்தில் 22ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது: விசேடமாகச் சேவை செய்தவர்களுக்கு நகரம் கொடுக்கலாம், தகாத நடத்தைக்காகத் திருப்பி எடுக்கவும் செய்யலாம். சம்பளம் இல்லை, வாக்குரிமை இல்லை, விசாவும் இல்லை. அந்தக் கடைசி விஷயத்தை நான்தான் கேட்டேன். ஆசிரியை சிரித்துவிட்டார். விசா அலுவலகக் கதிரையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குந்தியிருக்கிறவனுக்குக் கேள்வி அப்படித்தானே வரும்.

மரியாதையைத் திருப்பி எடுக்கிற பிரிவு சும்மா அலங்காரத்துக்கு எழுதப்பட்டதல்ல. ஹிட்லருக்கு இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான ஊர்கள் வரிசையில் நின்று இதே பட்டத்தைக் கொடுத்தன. ஆள் செத்தால் பட்டமும் செத்தது என்று பல ஊர்கள் பிறகு பேசாமல் இருந்துவிட்டன. பவேரியாவில் டீட்ராம்ஸ்செல் என்ற கிராமத்தில், அவர் பெயரையும் ஹிண்டன்பர்க் பெயரையும் நீக்குவதா என்று 2013இல் வாக்கெடுத்தபோது எட்டுக்கு எட்டு என்று சமமாக வந்து, தீர்மானம் தோற்றது. ஊர் நாறிய பிறகுதான் மறுபடி கூடி நீக்கினார்கள். ஆகவே, ஒரு சின்ன நகரம் யாரை மாலை போட்டு வரவேற்றது என்று கேட்டால் போதாது, எந்த வருடத்தில் போட்டது என்றும் கேட்க வேண்டும்.

ஹெஸ்ஸேக்கு வருடம் 1947. அதற்கு முன்னைய வருடம் அவருக்கு நோபல் பரிசு. அதற்கு முந்தின கதையையும் சொல்ல வேண்டுமல்லவா? பதினான்கு வயதில் மவுல்பிரோன் மடத்துப் பள்ளியிலிருந்து ஓடினவன். பதினைந்தாவது வயது நெருங்கும்போது உயிரை மாய்க்கப் பார்த்தவன். அதன்பின் மனநல விடுதி. எஸ்லிங்கனில் புத்தகக்கடை வேலைக்குச் சேர்த்துவிட, மூன்றே நாளில் அங்கிருந்தும் ஓட்டம். கடைசியில் கல்வில் பெரோ என்பவரின் கோபுர மணிக்கூட்டுப் பட்டறையில் பதினாலு மாதம் இரும்பு அராவினான். பாதிரியார் வீட்டுப் பிள்ளை, பேரறிஞர் குண்டர்ட்டின் பேரன், எண்ணெய்க் கையோடு திரிகிறானே என்று இந்த ஊர் என்ன கதைத்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாவகச்சேரியில் பிறந்தவன் நான். பின்பு 1914இல் யுத்த வெறிக்கு எதிராக எழுதியதற்காக, ஜேர்மன் பத்திரிகைகள் அவரைத் தாய்நாடில்லாதவன் என்று திட்டின.

அந்தத் திட்டில் ஒரு பகிடி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவள் என் மகள்.

அவள் 1991இல் இங்கேதான் பிறந்தாள், ஹெர்மன் ஹெஸ்ஸே பெயரில் இருக்கிற உயர்பள்ளியில்தான் படித்தாள். ஆனால் ஜேர்மன் பிரஜை இல்லை. இந்த மண்ணில் பிறந்தால் போதும் என்ற விதி 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. அதுவும் பெற்றோர் இத்தனை வருடம் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வகுப்புச் சுற்றுலா லண்டனுக்கு என்றால், மற்றப் பிள்ளைகள் அடையாள அட்டையோடு நிற்பார்கள், இவள் விசாவுக்கு நிற்பாள். ஒருநாள் பள்ளியால் வந்தவள், புத்தகப் பையைக் கழற்றாமலே கேட்டாள்:

"அப்பா, ஹெஸ்ஸே பிறக்கேக்க என்ன நாட்டுக்காரர் எண்டு தெரியுமோ?"

"ஜேர்மன்தானே பிள்ளை."

"இல்லை. ரஷ்யன்."

நான் நம்பவில்லை. அவள் வகுப்பில் கொடுத்த தாளை மேசையில் விரித்தாள். தகப்பன் எஸ்தோனியாவில் பிறந்த ஜேர்மன்காரர், ரஷ்யப் பேரரசின் பிரஜை. ஆகவே 1877இல் கல்வ் சந்தைச் சதுக்கத்து வீட்டில் பிறந்த பிள்ளையும் ரஷ்யப் பிரஜை. ஆறு வயதில், குடும்பம் பாசலில் இருந்தபோது, எல்லோரும் சுவிஸ்காரர் ஆனார்கள். பிறகு வூர்ட்டெம்பெர்க் அரசாங்கம் வைக்கிற புலமைப்பரிசில் பரீட்சை எழுத உள்ளூர்ப் பிரஜாவுரிமை வேண்டுமென்று வந்தது. அதனால் வீட்டில் இவனுக்கு மட்டும் பதின்மூன்று வயதில் வூர்ட்டெம்பெர்க் பிரஜாவுரிமை எடுத்தார்கள். ஒரு சோதனை எழுதுவதற்காக! அந்தச் சோதனையில் தேறிப் போன பள்ளியிலிருந்துதான் ஓடிப்போனது. 1924இல் மறுபடியும் சுவிஸ் பிரஜை. கல்வ் அவரைக் கௌரவித்தபோது, கௌரவிக்கப்பட்டவர் வெளிநாட்டுக்காரர்.

தாய்வழியைப் பார்த்தால் இன்னும் விசேடம். தாய் மரீ 1842இல் தலச்சேரியில் பிறந்தவர். பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட் 1836இல் சென்னையில் வந்திறங்கி, திருநெல்வேலியில் ரேனியஸ் பாதிரியாரோடு இருந்து தமிழ் படித்து, பிறகு மலையாளத்துக்குப் போய் 1872இல் பெரும் அகராதி தந்தவர். கல்வ் வீட்டுத் தாழ்வாரத்தில் மலையாளம் ஒலித்திருக்கிறது, நான் வந்து தமிழ் பேசுவதற்கு நூறு வருடம் முந்தி. பேரனுக்கும் அந்தப் பக்கம் போக ஆசைதான். 1911இல் கப்பல் ஏறினார். இலங்கையில் இறங்கி, கண்டியில் வயிற்றுக் கோளாறோடு கிடந்து, பிதுருதலாகலை மலையில் ஏறி, தாய் பிறந்த மலபாரைக் காணாமலே திரும்பிவிட்டார்.

சரி, இந்த ஊருக்கு அவர் செய்தது என்ன? பாலம் கட்டவில்லை, ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுக்கவில்லை. கதைகளில் ஊரின் பெயரைக்கூட மாற்றி 'கெர்பர்ஸ்ஔ' என்றார். தோல் பதனிடுகிறவர்களின் ஊர் என்பது போல ஒரு பெயர். ஆற்றோரத்துத் தோல் தொட்டிகளின் நாற்றத்தையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்ப்பெயர் ஊரைத் தேடித்தான் இன்று பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். இங்கே உணவகச் சமையலறையில் இருபது வருடம் பாத்திரம் தேய்த்து, பிறகு சமைத்த எனக்கு, அவர் என்ன செய்தார் என்று சந்தேகம் வராது. என் சம்பளத்தில் ஒரு பங்கு அவர் கொண்டுவந்தது.

கைக்கு அகப்படுகிற சேவைதான் வேண்டுமென்றால் பக்கத்து மாவட்டத்தில் வால்டாக்டால் இருக்கிறது. அதன் கௌரவப் பிரஜை ஆர்தர் ஃபிஷர்; 1919இல் அங்கே டும்லிங்கன் கிராமத்தில் பிறந்து, 2016 வரை வாழ்ந்தவர். சுவரில் துளை போட்டால் உள்ளே தள்ளுகிறோமே, அந்தச் சாம்பல் நிற நைலோன் தக்கை, அது 1958இல் அவர் செய்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில். கிராமத்தில் இருந்தபடியே உலகச் சுவர்களுக்குள் எல்லாம் போனவர். எங்கள் வீட்டு நல்லூர்க் கந்தன் படமும் ஃபிஷர் தக்கையில்தான் தொங்குகிறது.

ஹெஸ்ஸே பெயரில் கல்வுக்கு ரயில் ஓட்டுவதென்று பின்பு முடிவெடுத்தார்கள். 1983இல் பயணிகளுக்கு மூடிய பழைய பாதை. பார்த்தால், கைவிடப்பட்ட சுரங்கங்களில் வெளவால்கள் குடியிருக்கின்றன. அபூர்வ இனம், சட்டப் பாதுகாப்பு உண்டு. சுரங்கத்துக்குள்ளேயே அவற்றுக்குத் தனி அறை போலத் தடுப்பு எழுப்பினார்கள். முகாமில் ஒரு அறைக்கு ஆறு பேராகக் கிடந்த பழைய கூட்டாளி இதைக் கேட்டு, "வெளவாலாய்ப் பிறந்திருக்கலாம் மச்சான்" என்றான்.

ஹெஸ்ஸே பரிசு வாங்க ஸ்ரொக்ஹோமுக்கே போகாதவர். 1919இல் சுவிற்சர்லாந்தின் தெற்கே மொந்தான்யோலா என்ற மலைக்கிராமத்தில் குடியேறி, நாற்பத்துச் சொச்சம் வருடம் அங்கேயே தோட்டம் கொத்தி, படம் கீறி, எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கிராமமும் அவரைக் கௌரவப் பிரஜை ஆக்கியது, 1962 ஜூலையில், எண்பத்தைந்தாவது பிறந்தநாளையொட்டி. ஓகஸ்ட் 9ஆம் திகதி இறந்துபோனார். பிறந்த ஊர் எழுபது வயதில் ஏற்றுக்கொண்டது, போன ஊர் எண்பத்தைந்தில். எனக்கு அதில் இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. நோபல் வாங்கினவனைப் பிறந்த ஊர் சொந்தம் கொண்டாடுவது எங்கேயும் நடக்கிறதுதான். அயல் தோட்டத்துக்காரன், உருளைக்கிழங்கு பதமா என்று மதிலுக்கு மேலால் கேட்டவன், அவன் கையுயர்த்தி வாக்களிப்பது வேறு.

எங்களுக்குப் பிரஜாவுரிமை 2010இல் வந்தது. முன்னூற்றுப் பத்துக் கேள்விகளிலிருந்து முப்பத்து மூன்று கேட்பார்கள், பதினேழு சரியென்றால் சித்தி. நான் முப்பத்தொன்று; மகள் முப்பத்து மூன்று. ஆளுக்கு 255 யூரோ கட்டிப் பத்திரம் வாங்கினோம். திரும்பும் வழியில் பாலத்தில் நின்றோம். 2002இல் அங்கே ஆளுயரத்தில் ஹெஸ்ஸேயின் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். மகள் பத்திரத்தை அவர் தோளோடு ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தாள். "இவருக்குப் பதின்மூண்டு, எனக்குப் பத்தொன்பது" என்றாள்.

அன்று இரவு அம்மாவுக்கு எடுத்தேன். பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது என்று மெதுவாக, விளக்கமாகச் சொன்னேன். இப்போது இரைச்சல் இல்லை, பக்கத்து அறையில் இருப்பது போலக் கேட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எட தம்பி, கல்ஃபில ஒருத்தருக்கும் அப்பிடிக் குடுக்கிறேல்லையெண்டுதானே இஞ்ச சொல்லுகினம். வடிவா வாசிச்சுப் பார்த்தனியே?"