பாரிஸ் நகரத்து ஆடைக்கலை: வொந்தோம் சதுக்கம் முதல் லா சப்பல் வரை

பாரிஸ் மாநகருக்குச் செல்வோர் முதலிற் காண விரும்புவது ஈபெல் கோபுரத்தை. அடுத்து லூவர் நூதனசாலைக்குச் சென்று, மோனா லிசாவின் முன்னே கூட்டத்தோடு கூட்டமாய் நின்று திரும்புவர். மாலையிலே சேன் நதியிற் படகேறிப் பாலங்களைக் கண்டு களிப்பர். இவையெல்லாம் காணத்தக்கனவே. ஆயின் அந்நகருக்கு உலகப் புகழ் தேடித்தந்த மற்றொன்று வீதிகளிலேயே நடமாடுகின்றது. அது பெண்களின் உடை.

காலை வேளையிலே சுரங்கப் புகையிரதத்தில் ஏறி நின்று பார்த்தால் இது புலப்படும். கருநீலக் கோட் ஒன்று, சாம்பல் நிறப் பாவாடை, கழுத்திலே ஒரு பட்டுத் துண்டு, நன்கு துடைத்த சப்பாத்து, இவ்வளவுதான். கைநிறைய வளையல் இல்லை; கண்ணைப் பறிக்கும் வர்ணமும் இல்லை. ஆயினும், 'இவர் செல்வக் குடியிற் பிறந்தவர் போலும்' என்று எண்ணத் தோன்றுகின்றது. அவருட் பலர் இறங்கிச் செல்வதோ அலுவலகங்களுக்கும் கடைகளுக்குமே. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் எழுதுவினைஞர்களும் விற்பனைப் பெண்களும் அவர்கள்.

செலவு சிறிதாயிருக்கத் தோற்றம் மட்டும் உயர்ந்து நிற்பது எங்ஙனம்? கலியாண வீடொன்றுக்குச் செல்லுமுன் சேலைக்கும் அட்டியலுக்குமாகக் கடன்படும் குடும்பங்கள் நம்மிடையே உள. ஆதலின் இக்கேள்வி வெறும் நாகரிக ஆராய்ச்சியன்று. வீட்டுக் கணக்கோடு ஒட்டிய கேள்வியாகும். விடை தேடி நாம் ஒரு நாள் முழுவதும் பாரிஸ் வீதிகளிலே நடந்தோம்.

நகை இல்லங்களின் நடுவே

நடையை வொந்தோம் சதுக்கத்திலே தொடங்கினோம். பதினான்காம் லூயி மன்னனின் காலத்தில் ஆர்துவான் மான்சார் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த எண்கோண வெளி இது. சுற்றிலுமுள்ள மாளிகைகள் யாவும் ஒரே உயரமும் ஒரே சாயலும் உடையன. நடுவே நெப்போலியன் எழுப்பிய தூண் நிற்கின்றது. 1805 இல் ஒஸ்டர்லிட்ஸ் போரிலே கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கிய வெண்கலம் அதனைப் போர்த்தியுள்ளது. 1871 இல் பாரிஸ் கொம்யூன் புரட்சியாளர் இத்தூணைச் சாய்த்தனர்; சில ஆண்டுகளின் பின் மீண்டும் நிமிர்த்தப்பட்டது.

1893 இல் பூஷெரோன் என்னும் நகை இல்லம் இங்கே கடை திறந்தது. அதனைத் தொடர்ந்து பெயர்பெற்ற வேறு பல இல்லங்களும் வந்து சேர்ந்தன. நம் ஊர் நகைக் கடையில் ஒரு சாண் இடத்திலே இருபது சங்கிலிகள் தொங்கும். இங்கோ ஒரு கண்ணாடி மாடத்திலே ஒரேயொரு மாலை. சுற்றிலும் வெறும் வெல்வெட்டு. அந்த வெறுமையே மாலையை எடுத்துக் காட்டுகின்றது.

இன்னொரு வேற்றுமையும் கவனிக்கத்தக்கது. எம்மவர் 22 கரட் பொன்னையே பொன்னென்று மதிப்பர். பிரெஞ்சு நகையிற் பெரும்பாலானது 18 கரட். அதாவது ஆயிரத்தில் 750 பங்கு பொன். 1838 முதல் அதற்கெனக் கழுகுத்தலை முத்திரை பொறிக்கப்பட்டு வருகின்றது. கலப்பு மிகுந்த பொன் கடினமாதலால் கல்லை இறுகப் பற்றிக்கொள்ளும். அங்கே விலையின் பெரும்பகுதி கல்லுக்கும் வேலைப்பாட்டுக்கும் இல்லத்தின் பெயருக்குமே கொடுக்கப்படுவது. எனவே அது அணிந்து மகிழ்வதற்கு உரியதேயன்றி, ஆபத்து வேளையில் அடைவு வைப்பதற்கு உகந்ததன்று.

சதுக்கத்தின் வடபுறத்திலிருந்து ஒப்பேரா அரங்கை நோக்கிச் செல்வது 'சமாதான வீதி'. சார்ள்ஸ் பிரெடரிக் வொர்த் என்னும் ஆங்கிலேயர் 1858 இல் இவ்வீதியிலே தமது தையல் இல்லத்தை நிறுவினார். அதற்கு முன்னர் சீமாட்டிகள் துணியை வாங்கித் தையற்காரியிடம் கொடுத்துத் தாம் விரும்பியவாறு தைப்பித்தனர். வொர்த்தோ உடையைத் தாமே வகுத்து, உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டி, தம் பெயர் பொறித்த துண்டையும் உள்ளே தைத்து விற்றார். உடைக்குள் பெயர் தைக்கும் வழக்கமும், பெயருக்காகப் பணம் கொடுக்கும் வழக்கமும் பெருகியது அக்காலந்தொட்டே எனலாம்.

கம்போன் வீதி

சதுக்கத்தின் மேற்புறத்திலே 1898 இல் திறக்கப்பட்ட ரிட்ஸ் விடுதி உள்ளது. அதன் பின்வாயில் கம்போன் வீதியிலே திறக்கின்றது. அவ்வீதியின் 31 ஆம் இலக்கக் கட்டடம் கப்ரியேல் ஷனேல் அம்மையாரின் இல்லமாகும். 'கொக்கோ' என்பது அவரது செல்லப்பெயர்.

இவர் 1883 இல் சோமூர் என்னும் ஊரிலே ஏழைகளுக்கான மருத்துவமனையிற் பிறந்தவர். தாயை இழந்தபின் கன்னியர் மடமொன்றின் அநாதை விடுதியில் வளர்ந்தார். அங்கே அவர் கண்டவை கன்னியரின் கறுப்பும் வெள்ளையுமான உடைகள், கற்றது ஊசிவேலை. 1910 இல் இதே வீதியின் 21 ஆம் இலக்கத்தில் தொப்பிக் கடையொன்றைத் தொடங்கினார். முதலாம் உலகப் போரினாலே துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அதுவரை ஆண்களின் உள்ளாடைக்கே பயன்பட்ட பின்னற்றுணியை எடுத்துச் சீமாட்டிகளுக்கு உடை தைத்தார். 1926 இல் அவர் வரைந்த எளிய கறுப்புச் சட்டையை 'வோக்' சஞ்சிகையின் அமெரிக்கப் பதிப்பு போர்ட் மோட்டார் வண்டிக்கு ஒப்பிட்டது. எல்லாரும் வாங்கும் வண்டியைப் போல எல்லாப் பெண்களும் அணியும் உடையாகும் என்பது கருத்து. மரணச் சடங்குக்கும் பணிப்பெண்களுக்கும் உரியதாயிருந்த கறுப்பு அன்று முதல் விருந்து மண்டபத்தினுள்ளே தலைநிமிர்ந்து நுழைந்தது.

நகை விடயத்திலே அவர் செய்த புரட்சி இதனினும் பெரிது. கண்ணாடியாற் செய்த போலி முத்துக்களையும் உண்மை மணிகளையும் கலந்து ஒளிவுமறைவின்றி அணிந்தார். நகை உடைக்கு அழகு செய்தாற் போதும், அணிபவளின் ஆஸ்தியை அறிவிக்க வேண்டியதில்லை என்பது அவரது கொள்கை.

1939 இல் தையற்கூடத்தை மூடியவர், 1954 இல் எழுபதாவது வயதில் மீண்டும் திறந்தார். அப்போது உருவானதே தடித்த ரோமத் துணியிலான அவரது புகழ்பெற்ற மேற்சட்டை. அதன் கீழ்விளிம்பின் உட்புறத்திலே மெல்லிய உலோகச் சங்கிலியொன்று தைக்கப்பட்டுள்ளது. பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. சட்டை சுருங்காமலும் சரியாமலும் நேராகத் தொங்குவதற்கே அச்சங்கிலி. சங்கிலியைக் கழுத்திலே காட்டுவது ஒரு வழி. விளிம்பிலே மறைத்து வைப்பது இன்னொரு வழி. பாரிஸ் பெண்களின் தோற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவது வழியே என்பதை இங்கேதான் உணர்ந்தோம்.

அம்மையாரின் வாழ்க்கை முழுவதும் போற்றத்தக்கதென்று சொல்லுதற்கில்லை. 1936 இல் அவரது தொழிலாளப் பெண்களே கூலிக்காக வேலைநிறுத்தஞ் செய்தனர். ஜெர்மானியர் பாரிஸை ஆண்ட நாட்களில் அவர் ஜெர்மானிய அதிகாரியொருவருடன் ரிட்ஸ் விடுதியில் வாழ்ந்தார். யூதருக்கு எதிரான சட்டங்களைப் பயன்படுத்தித் தம் வாசனைத் திரவியக் கூட்டாளிகளின் பங்கைப் பறிக்கவும் முயன்றார். உடையிலே அளவறிந்தவர் வாழ்விலும் அறவழி நின்றாரென்று கொள்ளலாகாது. 1971 இல் அதே ரிட்ஸ் விடுதியிற் காலமானார்.

சிறு கைகள்

உயர்தரத் தையல் இல்லம் என்னும் பெயரைப் பாரிஸிலே யாவரும் சூட்டிக்கொள்ள முடியாது. 1945 முதல் அது சட்டத்தாற் காக்கப்பட்ட பெயர். சொந்தத் தையற்கூடமும், போதிய தொழிலாளரும், ஆண்டுக்கு இருமுறை புதிய உடைகளின் காட்சியும் இருத்தல் வேண்டும். அங்கே தைப்பவர்களைச் 'சிறு கைகள்' என்று அழைக்கின்றனர். மேற்சட்டை, கோட் முதலியவற்றைத் தைப்போர் ஒரு பிரிவு. மென்துணி உடைகளைத் தைப்போர் மற்றொரு பிரிவு.

முதலிலே விலைகுறைந்த பருத்தித் துணியில் உடையை வெட்டி, உருவப் பொம்மையின்மீது குத்திப் பார்ப்பர். பின்னர் உடுப்பவரின் உடலிலே வைத்துத் திருத்துவர். தோளிலே அரை அங்குலம் பிசகினால் அவிழ்த்து மீண்டும் தைப்பர். திருத்தம் முடிந்த பின்னரே விலையுயர்ந்த துணியிற் கத்தரி படும். உட்புறத் தையலும் வெளிப்புறத்தைப் போலவே செம்மையாய் இருக்கும்.

இக்கைகளின் உழைப்புக்கு நியாயம் எளிதிற் கிட்டவில்லை. 1917 ஆம் ஆண்டு மே மாதத்தில், போர் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, பாரிஸ் தையற்பெண்கள் வீதியிலிறங்கிச் சம்பளத்துடன் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை கேட்டுப் போராடினர், வெற்றியும் கண்டனர். நவம்பர் 25 இல் வரும் புனித கத்தரீன் திருநாளிலே, இருபத்தைந்து வயதாகியும் மணமாகாத தையற்பெண்கள் பச்சையும் மஞ்சளுமான விசித்திரத் தொப்பிகளைச் சூடி மகிழ்வது அவர்களின் பழைய வழக்கம்.

இத்தொழிலோடு நம்மவர்க்கும் ஓர் உறவுண்டு. பாரிஸில் ஊசிச் சித்திர வேலைக்குப் பெயர்பெற்ற லெசாழ் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் பிரான்சுவா லெசாழ் 1993 இல் சென்னையிலே 'வஸ்திரகலா' என்னும் தையற்கூடத்தை நிறுவினார். தமிழ்நாட்டுக் கைவினைஞரின் ஊசித் திறனைப் பிரெஞ்சுக் கலைக் குடும்பமொன்று தேடி வந்ததென்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியன்றோ!

சென் பியேர் சந்தை

அப்படியாயின் சாதாரணப் பெண் எங்கே செல்கிறாள்? மொன்மார்த்தர்க் குன்றின் அடிவாரத்திலே சென் பியேர் சந்தை உள்ளது. மாடி மாடியாகத் துணி. விற்பனையாளர் கையிலே மீற்றர்க் கோலோடு நின்று அளந்து வெட்டுகின்றனர். பெரிய இல்லங்களுக்கு நெய்து மிஞ்சிய துணிகளை மூன்று மீற்றர்த் துண்டுகளாக வைத்து விற்கும் கடைகளும் அயலிலே இருக்கின்றன.

அங்கே பெண்கள் துணி வாங்கும் முறையை நெடுநேரம் நின்று கவனித்தோம். விலைச் சீட்டைப் பார்க்குமுன் துணியைக் கையிலே கசக்கிப் பார்க்கின்றனர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவின் அடர்த்தியை நோக்குகின்றனர். ஆயத்த உடையானால் உட்புறத்தைப் புரட்டி, கோடுகள் தையலிலே ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, மடிப்பிலே துணி விட்டிருக்கிறதா, பொத்தான் இறுகத் தைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கின்றனர். இவ்வறிவுக்குப் பணம் வேண்டியதில்லை. பாடசாலை மாணவியும் ஒரே நாளிற் கற்றுக்கொள்ளலாம்.

லா சப்பல்

அருகிலுள்ள அன்வேர் நிலையத்திலே இரண்டாம் இலக்கப் புகையிரதத்தில் ஏறினோம். நிலத்தின்கீழ் ஓடிய வண்டி சிறிது தூரத்திலே மேலேறி, வீதிக்கு மேலான இரும்புப் பாலத்தில் ஓடத் தொடங்குகின்றது. இரண்டாவது தரிப்பு லா சப்பல். படியிறங்கியதும் தமிழ் எழுத்து கண்ணிற் படுகின்றது! 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் இலங்கையினின்றும் பெயர்ந்த நம்மவர் உருவாக்கிய கடைவீதி இது. முருங்கைக்காயும் கறித்தூளும் விற்கும் கடைகளுக்கிடையே பட்டுச் சேலைக் கடைகளும் 22 கரட் நகைக் கடைகளும் வரிசையாக உள்ளன. அண்மையிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், 1996 முதல் ஆவணி மாதத்தை ஒட்டி இவ்வீதிகளிலே வலம் வருகின்றது. சாம்பல் நிற நகரின் நடுவே அன்று மயிற்கழுத்து வர்ணமும் அரக்கு வர்ணமும் பொங்கி வழிகின்றன. அவ்வழகை எந்தத் தையல் இல்லமும் வெல்ல இயலாது.

கம்போன் வீதியிலிருந்து வந்த கண்ணோடு இக்கடைகளைப் பார்த்து, 'வீண் பகட்டு' என்று முகஞ்சுளிப்பது எளிது. அது நீதியன்று. வீட்டையும் வளவையும் விட்டு ஓடிய நாளிலே பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது தாயின் காப்பும் தாலிக்கொடியுமே. அவற்றை அடைவு வைத்துத்தான் எத்தனையோ பிள்ளைகள் கடல் கடந்தனர். நம் பெண்களுக்கு நகை அணிகலன் மட்டுமன்று, வங்கியும் அதுவே. வொந்தோம் சதுக்கத்து மாலைக்கு இப்பெருமை இல்லை.

ஆயினும் ஒன்றை நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியுள்ளது. அதிகாலையிலே எழுந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்து ஈட்டிய பணத்தைச் சீட்டுக்கட்டிச் சேர்த்து, ஒரே நாள் வைபவத்துக்கு ஒருமுறை மட்டும் உடுக்கும் சேலையிலே போடுவோர் உண்டு. அது போதாதென்று நகையை இரவல் வாங்குவோரும் உண்டு. 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்' என்று நம் முன்னோர் சொன்னது இவர்களை நினைத்தே போலும். பிறர் கண்ணுக்குச் செல்வராய்த் தோன்றுவதற்காகக் கையிலுள்ள செல்வத்தை இழப்பது எவ்வகைச் சாமர்த்தியம்?

பாரிஸ் கற்றுத்தரும் பாடம் பிரெஞ்சு உடை உடுப்பதன்று. உடுத்ததைச் செம்மையாக உடுப்பது. பத்துச் சேலைக்குப் பதில் நல்ல நெசவுடைய மூன்று சேலை; அளவறிந்து வெட்டி, தோளிலே சரியாய் அமர்ந்த இரவிக்கை; ஓரம் அடித்து, மடிப்புக் குலையாமற் பேணிய கட்டு; துடைத்த பாதணி; ஒரு சங்கிலி அல்லது ஒரு சோடிக் காப்பு. இவ்வளவு போதும். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததும் இதுவே. அடுத்த வைபவத்துக்குப் புதுச்சேலை வாங்கப் புறப்படுமுன், பெட்டியிலிருக்கும் பழைய கூறையை எடுத்து விரித்துப் பாருங்கள். அதற்குப் பொருந்தும் இரவிக்கையொன்றை நல்ல தையற்காரியிடம் அளவு கொடுத்துத் தைப்பியுங்கள். மிஞ்சும் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும்.