முகாம் வீட்டில் பெரிய டிவி



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "இலங்கை அகதிகளுக்கு அரசாங்கம் வீடு கொடுக்குது, மாசாமாசம் காசும் கொடுக்குது. அப்புறம் அவங்க வீட்டில் பைக்கும் பெரிய டிவியும் எப்படி?" குழுவில் சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2021இல் உயர்த்தி அறிவித்தபடி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500 ரூபாய். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500. இதில் டிவி வாங்க முடியாது. அது பெயிண்ட் அடித்துச் சம்பாதித்த காசு. முகாம் ஆண்களில் பலருக்கு அதுதான் தொழில்.

என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் வீடு எனக்கு நன்றாகத் தெரியும். பத்துக்குப் பத்து அறை. பிள்ளைகள் வளர்ந்ததும் அப்பா சொந்தக் காசில் சிமென்ட் ஷீட் போட்டு ஒரு தடுப்பு இறக்கினார். இடம் அவருடையது அல்ல. விற்கவோ, அடமானம் வைக்கவோ முடியாது. புது வீடு கட்டப் பழைய வரிசையை இடித்தபோது அதுவும் போனது. புது வீடு நல்ல வீடுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த அம்மா சொன்னார்: "சுவருக்குப் போட்ட காசு சுவரோட போச்சு டீச்சர். தோடெண்டா காதோட வரும்."

வெளியே நிலம் வாங்கலாமே என்பீர்கள். இலங்கைக் குடிமக்கள் இங்கே நிலம் வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். பெயிண்டர் எங்கே போய் அதை வாங்குவார்? ஆகவே காசு நகையாகிறது, சீட்டாகிறது, பைக்காகிறது, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாகிறது. நாமானால் மனை வாங்கிப் போட்டு, கண்ணில் படாமல் வைத்திருப்போம்.

சம்பாதிப்பதிலும் ஒரு கயிறு உண்டு. கணக்கெடுப்பு நாளில் முகாமில் இருக்க வேண்டும். அவர்கள் 'செக்கிங்' என்பார்கள். தூரத்து ஊரில் நல்ல கூலிக்கு வேலை கிடைத்தாலும் பாதியில் திரும்பி வர வேண்டும். பஸ் செலவும் போன நாட்கூலியும் அந்த இலவச வீட்டுக்கான வாடகை மாதிரிதான்.

நானும் சம்பளத்தோடு வீட்டு வாடகைப்படி வாங்கியவள். அதற்காக என் பட்டுப்புடவைக்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை.

அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். குடும்பத்தோடு வெளியே வாடகைக்குப் போக ஆசை. அட்வான்ஸ் சேர்த்து வைத்திருக்கிறாள். போனால் வெளிப்பதிவு: போலீஸ் ஸ்டேஷனில் பதிவு, உதவித்தொகை கிடையாது. அப்பாவுக்குப் பயம், வேலை இல்லாத மாதத்தில் என்ன செய்வது என்று. வீட்டுக்காரர்களோ ஆதார் எங்கே என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வருகிறாள்.

மதுரையில் இரண்டு அறை உள்ள வீட்டை இவர்களுக்கு வாடகைக்குத் தரச் சம்மதிப்பவர் யாராவது இருந்தால், அதற்குள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.