எடின்பரோவிற் பெற்ற நட்பு

ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவைக் கல்லாலான நகரம் என்று சொன்னால் அது மிகையாகாது. வீடும் கல், வீதியும் கல், மதிலும் கல். நெடுங்காலம் நிலக்கரிப் புகை படிந்தமையாற் கட்டடங்கள் பல கருநிறம் பூண்டு நிற்கின்றன. நடுவே பாறையொன்றின்மேற் பழைய கோட்டை, கிழக்கே 251 மீற்றர் உயரமான ஆதர்ஸ் சீற் என்னும் குன்று, அப்பாற் கடல். அக்கடலினின்றும் 'ஹார்' என்று அவ்வூரார் கூறும் மூடுபனி எழுந்து வந்தால் எதிர்வீட்டு யன்னலும் தெரியாது. கோட்டையிலிருந்து பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பது 1861 தொடக்கம் உள்ள வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அது வெடிப்பதில்லை. அந்த ஒருநாள் மௌனத்திலேதான் அவ்வூரின் சமயத்தை நாங்கள் முதன்முதல் உணர்ந்தோம்.

2012ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் நாங்கள் இருவரும் அந்நகர் சேர்ந்தோம். எங்களில் ஒருவர் பல்கலைக்கழகத்திற் பட்டப்பின் படிப்பு மாணவர். மற்றவர் வீட்டையும் வரவுசெலவையும் காத்துக்கொண்டு மாலை வகுப்பிற் படித்தவர். யார் எவர் என்பது இங்கு வேண்டியதன்று. பட்ட கடன் இருவர்க்கும் பொது. முதலிற் பார்த்த வீட்டின் சொந்தக்காரர், கறி மணம் சுவரில் ஏறிவிடும் என்று காரணங்காட்டிக் கதவைச் சாத்தினார். முடிவில் மார்ச்மொன்ற் பகுதியில், எட்டுக் குடும்பங்கள் ஒரே படிக்கட்டாற் போய்வரும் பழைய மாடிக்கட்டடம் ஒன்றில் இரண்டு அறைகள் கிடைத்தன.

வெளிநாட்டு மாணவரை வரவேற்கும் குழுக்கள் அங்கே பல. அவற்றுள் ஒன்று வாரந்தோறும் எங்களுக்கு இராப்போசனம் தந்தது. பாட்டும் வேத வாசிப்பும் இருந்தன. அன்பான சொற்களுக்குக் குறைவில்லை. ஆறாம் வாரத்தில் ஞானஸ்நானம் பற்றிக் கேட்டார்கள். அவ்வெண்ணம் எங்களுக்கில்லை என்று பணிவாகச் சொன்னோம். ஏழாம் வாரம் அழைப்பு வரவில்லை. எட்டாம் வாரம் வீதியிற் கண்டபோது புன்னகையும் வரவில்லை. புறநாட்டிற் புதிதாய் வந்த இருவர்க்கு அது சிறு இழப்பன்று.

எங்கள் வீட்டுக்கு நேர்கீழே எழுபது வயது கடந்த தம்பதியர் வாழ்ந்தனர். அவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் மூப்பருள் ஒருவர். துணைவியார் எங்களைப்போல ஆசிரியத் தொழில் புரிந்தவர். தங்களைப் பெயர்சொல்லியே அழைக்கவேண்டும் என்று முதல் நாளே வற்புறுத்தினர். தந்தை வயதினரைப் பெயர்சொல்லி அழைக்க எங்கள் நா எழவில்லை. ஒரு வாரம் எவ்வித விளியுமின்றியே பேசிச் சமாளித்தபின், எங்கள் ஊர் முறையில் 'ஐயா', 'அம்மா' என்றோம். பொருள் கேட்டறிந்து, அதுவே நன்று என்றார்கள்.

அவர்கள் வீட்டில் எங்களுக்குக் கிடைத்த முதல் விருந்து பருப்புச் சூப். அந்நாட்டார் அதனைப் பன்றியின் காலெலும்பு இட்டுக் காய்ச்சுவது வழக்கம். நாங்கள் மரக்கறி உணவினர் என்று முன்னரே சொல்லியிருந்தோம். எலும்பை விட்டுவிட்டாற் போதும் என்றுதான் எவரும் எண்ணுவர். அம்மா அவ்வாறு எண்ணவில்லை. நாற்பதாண்டு ஊன் சமைத்த பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, எங்களுக்கென்றே புதுப்பானை ஒன்று வாங்கியிருந்தார். அதன் மூடியில் விலைச்சீட்டின் பசை இன்னும் போகவில்லை. "மனத்தில் ஐயம் இருந்தால் உணவு இறங்காதே" என்பது அவர் சொன்ன ஒரே விளக்கம். அந்தப் பானை பின்னர் எங்கள் பானை என்றே அவ்வீட்டில் வழங்கிற்று.

அம்மா பிறந்தது வடமேற்கிலுள்ள லூயிஸ் தீவில். கேலிக் அவர் தாய்மொழி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதனைப் பேசுவோர் ஸ்கொத்லாந்தில் 60,000 பேருக்குங் குறைவு. ஓய்வுநாளை அத்தீவார் காப்பது கண்டிப்பானது. பெருநிலத்திலிருந்து அதன் பட்டினமாகிய ஸ்டோர்னோவேக்கு ஞாயிற்றுக்கிழமையிற் கப்பல் ஓடத் தொடங்கியது 2009இலேதான். ஞாயிறன்று துணி உலர்த்துவதும் அங்கே பழிக்கிடமாம். இதனைக் கேட்டபின் நாங்கள் எங்கள் துணிகளைச் சனிக்கிழமையே தோய்த்துவிட்டோம். அவர் கேட்கவில்லை, நாங்களாகவே செய்தோம்.

அவர் வாயாற் கேலிக் சங்கீதங்களைப் பற்றிக் கேட்டது மறக்கற்பாலதன்று. வாத்தியம் எதுவும் இல்லை. முன்பாடுபவர் ஒருவர் ஓரடியை எடுத்துப் பாட, சபையார் தத்தம் குரலுக்கேற்ப இழைத்தும் வளைத்தும் அதனைத் தொடர்வர். ஒரு நாள் அடுப்படியில் நின்று அவர் தாமே பாடிக் காட்டினார். எங்களுக்கு ஓதுவார் நினைவு வந்தது. கிரேபிரையர்ஸ் என்னும் பழைய ஆலயத்திற் கேலிக் வழிபாடு உண்டு என்று சொல்லி, எங்களையும் அழைத்துச் சென்றார். 1638இல் ஸ்கொத்லாந்தின் தேசிய உடன்படிக்கைக்குக் கையொப்பமிடத் தொடங்கிய இடம் அது. வெளியூரார் அங்கே பெரும்பாலும் பார்க்க வருவது, எசமானின் புதைகுழியைப் பதினான்கு ஆண்டு காத்ததென்று சொல்லப்படும் நாயின் நினைவுச் சின்னத்தையே. மனிதரின் உடன்படிக்கையிலும் நாயின் உடன்படிக்கை பெயர்பெற்றுவிட்டது போலும்.

நவம்பர் இறுதியில் ஒரு மாலை ஐயா தாமாகவே பேச்சைத் தொடங்கினார். "நீங்கள் இருவரும் இயேசுவை விசுவாசிக்கவேண்டும் என்று நாள்தோறும் செபிக்கிறேன். அதை மறைத்துக்கொண்டு பழகுவது நேர்மையன்று; ஆதலாற் சொல்கிறேன்" என்றார். அறை சிறிதுநேரம் அமைதியாயிற்று. குழுவின் அனுபவம் எங்கள் நெஞ்சில் உறுத்திற்று. ஆயினும், நாங்கள் சைவராய்ப் பிறந்து சைவராய் வாழ்வதில் நிறைவு கண்டவர்கள் என்றும், மாறும் எண்ணம் இல்லை என்றும் அதே நேர்மையுடன் விடை சொன்னோம். அவர் தலையசைத்தார். தேநீரை ஒருமுறை உறிஞ்சினார். பின்பு, வருகின்ற சனிக்கிழமை மவுண்ட் மேட்டைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டார்.

தாம் மெய்யென்று கண்டதைப் பிறர்க்குச் சொல்ல விழைதல் குற்றமென்று நாங்கள் கருதுவதில்லை. 'இல்லை' என்ற விடையைக் கேட்டபின் ஒருவர் என்ன செய்கிறார் என்பதே நோக்கத்தக்கது. அன்று மாலை அவருக்கு ஆறுமுக நாவலரைப் பற்றிச் சொன்னோம். வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியிற் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்றவரும், பாதிரிமாரின் சமயப் பிரசாரத்தை எழுத்தாலும் பேச்சாலும் எதிர்த்தவரும் ஒருவரே என்றபோது ஐயா வியந்து சிரித்தார். "அவரோடு ஒரு மாலை வாதாடியிருக்கவேண்டும்" என்றார்.

மவுண்ட் என்பது இயற்கை மேடன்று. பதினெட்டாம் நூற்றாண்டிற் புதுநகருக்கு அத்திவாரம் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டாயிற்று. அதன் உச்சியில் நியூ கொலிஜ் என்னும் இறையியற் கல்லூரி இரட்டைக் கோபுரத்துடன் நிற்கிறது. முற்றத்திற் சீர்திருத்தவாதி யோன் நொக்ஸ் கையை உயர்த்தியபடி சிலையாய் நிற்கிறார். 1843இல், சபையின் விருப்பத்துக்கு மாறாகக் குருவை நியமிக்கும் உரிமை நிலக்கிழார்க்கு இல்லை என்று கூறி 450க்கும் மேற்பட்ட பாதிரிமார் சம்பளத்தையும் வீட்டையும் துறந்து வெளியேறினர். அவர்கள் எழுப்பிய கல்லூரி இது. அதனை அடுத்துள்ளது பேரவை மண்டபம். 1999 முதல் 2004 வரை ஸ்கொத்லாந்தின் பாராளுமன்றம் கூடியதும் அங்கேதான்.

அம்மண்டபத்தில் ஒரு தமிழரின் குரல் ஒலித்ததை நாங்கள் அறிந்தது நியூ கொலிஜ் நூலகத்தில். 1910 யூன் மாதத்தில் உலக மிஷனரி மகாநாடு அங்கே கூடிற்று. ஏறக்குறைய 1,200 பேராளருள் ஆசியர் இருபதின்மருங் குறைவு. அவர்களுள் ஒருவர் திருநெல்வேலிப் பகுதியில் வெள்ளாளன்விளையில் 1874இற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவருக்கு நம் யாழ்ப்பாணத்தோடும் தொடர்புண்டு. 1902இல் இங்கு வந்தபோது, யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர் தாமே பொருள் சேர்த்துப் பிறநாட்டுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டு ஊக்கம்பெற்று, மறுவருடம் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தார். மகாநாட்டில் அவர் பேசியபோது வயது முப்பத்தைந்து. வெள்ளைப் பாதிரிமார்க்கும் அவருடன் பணிசெய்த இந்தியர்க்குமிடையே இருந்த இடைவெளியை மறையாது எடுத்துரைத்தார். மேலைநாட்டார் செய்த தியாகங்களுக்கு நன்றி கூறியபின், தங்களுக்கு இனி வேண்டியது நட்பே என்று கேட்டு முடித்தார். மகாநாட்டு அறிக்கைகளின் ஒன்பது தொகுதிகளுள் இறுதியானதில் அப்பேச்சு உள்ளது. இரண்டாண்டு கழித்து, 1912இல், அவர் தோர்ணக்கல்லின் அத்தியட்சராகி, அங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியரானார். ஐயாவிடம் இதைச் சொன்னோம். அவர் அறிந்திருந்தார். "அவர் கேட்டதை நாங்கள் கொடுத்தோமா என்பது தெரியவில்லை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நத்தாரிலும் ஆண்டுப் பிறப்பே அவ்வூரிற் பெரிது. வேதத்தில் விதிக்கப்படாத பண்டிகை என்று சீர்திருத்தத் திருச்சபையார் ஒதுக்கியமையால், 1958 வரை நத்தார் அங்கே பொது விடுமுறையாக இருந்ததில்லை. ஆண்டு பிறந்ததும் வாசலை முதன்முதல் மிதிப்பவர், கையில் நிலக்கரித் துண்டுடன் வரும் கருங்கூந்தல் ஆடவராயின் வீட்டுக்கு நலம் என்பது வழக்கு. அப்படிக்கட்டில் வாழ்ந்த ஆடவருட் பலர் நரைத்தலையர், எஞ்சியோர் செம்பட்டையர். ஆகவே எங்களில் ஆணானவர் அன்றிரவு வீடுவீடாக அழைக்கப்பட்டார். கருமைக்கு அவ்வளவு வரவேற்பு வேறெந்த நாளிலும் அங்குக் கண்டதில்லை. அது மூடநம்பிக்கை என்று ஐயா கடிந்துகொண்டே கதவைத் திறந்தார்.

தைப்பொங்கலுக்கு அவர்களை அழைத்தபோது அவர் உடனே விடை சொல்லவில்லை. மறுநாட் படிக்கட்டில் எங்களை நிறுத்தி, "அது தெய்வத்துக்குப் படைக்கும் உணவா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்குப் படைப்பது என்றோம். படையலுணவை உண்பது பற்றிப் பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஆராய்ந்திருப்பதையும், தம் மனச்சாட்சி அதற்கு இடந்தராமையையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். கேட்ட கணத்தில் எங்களுக்கு வலித்தது. எங்கள் தெய்வத்தின் முன் வைத்தது அவருக்கு ஆகாததா என்று அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டு அடுப்பில் இருந்த புதுப்பானைதான் அப்பேச்சை முடித்துவைத்தது.

எடின்பரோவிற் தை மாதத்து ஞாயிறு எழுவது காலை எட்டரை மணிக்குப் பின். அடுக்களைத் தரையில் அரிசிமாக் கோலமிட்டு, மின்னடுப்பிற் பானை வைத்தோம். பால் பொங்கி வழிந்து தட்டிற் கருகியது; புகையறி கருவி அலறத் தொடங்கியது; எட்டுக் குடும்பங்களும் எங்கள் பொங்கலை அறிந்தன. ஐயாவுக்கென்று முன்னரே தனியாகச் சிறு பாத்திரத்தில் பொங்கி, படையலிற் சேர்க்காது வைத்திருந்தோம். அவர் அதன்முன் தலைகுனிந்து தம் முறையிற் செபித்தார். நாங்கள் விளக்கின்முன் எங்கள் முறையில் வணங்கினோம். அம்மாவோ இரண்டிலும் ஒவ்வோரகப்பை கேட்டு உண்டு, "லூயிசிலே சொல்லிவிடாதீர்கள்" என்றார்.

அவ்வாண்டு பங்குனியிலும் குளிர் விடவில்லை. ஐயா வைத்தியசாலையிற் கிடந்தார், வயிற்றில் நோவு. நோயிலே பாடும் சங்கீதங்கள் தங்கள் வேதத்தில் உள்ளமைபோல எங்களிடமும் உண்டா என்று கேட்டார். சூலைநோயால் வருந்திய அப்பர் சுவாமிகள் திருவதிகையிற் பாடிய பதிகத்தைச் சொன்னோம். சமணராயிருந்து, தமக்கையார் திலகவதியார்பால் வந்து சைவரான வரலாற்றையும் கேட்டார். "அப்படியானால் அவரும் மதம் மாறியவர்" என்று கண்ணிற் குறும்பு தோன்றச் சொன்னார். "மீண்டவர்" என்றோம். "விடமாட்டீர்கள்" என்று சிரித்து, பாடச் சொன்னார். எங்களுட் பாட வல்லவர் தாழ்ந்த குரலிற் பாடினார். அடுத்த கட்டிலில் இருந்தவரும் வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பாட்டு முடிந்ததும், "அவருக்கு நோய் தீர்ந்ததா?" என்று ஐயா கேட்டார். தீர்ந்தது என்றோம். "நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஏப்பிரல் மாதத்தில் அவர் காலமானார். ஆலயத்தில் 23ஆம் சங்கீதத்தைக் கிரிமொண்ட் என்னும் மெட்டிற் பாடினர். பேழையைக் குழியில் இறக்கும் கயிறுகளை நெருங்கிய உறவினரும் நண்பரும் பிடிப்பது ஸ்கொத்லாந்து வழக்கம். இன்னாருக்கு இன்ன கயிறு என்று சீட்டில் எண் எழுதிக் கொடுப்பர். அம்மா எங்கள் கையில் ஒரு சீட்டைத் தந்தார். எட்டுக் கயிறுகளில் ஆறாவது. இவ்வொழுங்கை ஐயாவே எழுதிவைத்திருந்தாராம். நம் ஊர் மயானத்திற் கொள்ளி வைக்கும் உரிமையை அறிந்த எங்களுக்கு அச்சீட்டின் கனம் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு லீத் பகுதியிலுள்ள இந்துக் கோயிலுக்குச் சென்று அவர்பொருட்டு விளக்கேற்றினோம். அக்கோயிலே பழைய கிறிஸ்தவ ஆலயக் கட்டடம் ஒன்றில் அமைந்தது. அம்மாவும் உடன்வந்தார், காலணியைக் கழற்றிவிட்டு, வழிபாடு முடியும்வரை பின்புறத்துச் சுவரோரம் ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். மேற்கூரையைப் பார்த்து, மரவேலை நல்ல வேலை என்றார்.

செத்தெம்பரில் நாங்கள் ஊர் திரும்பினோம். அம்மா இன்றும் கடிதம் எழுதுகிறார். எழுத்துச் சற்று நடுங்கத் தொடங்கியிருக்கிறது. அவர்களுடைய சபை ஆட்குறைவால் அயற்சபையோடு இணைந்துவிட்டதாம்; ஐயா மூப்பராயிருந்த ஆலயத்தை விற்கப்போகிறார்களாம். மேல்வீட்டில் இப்போது இரு சீன மாணவர் குடியிருக்கிறார்கள். அவர்கள் மரக்கறி உணவினரல்லர், ஆதலாற் பானைக்கு வேலையில்லை என்று எழுதியிருந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிற் கொடியேற்றம் எப்போது என்றும் கேட்டிருந்தார். பதில் இன்னும் எழுதவில்லை; இவ்வாரம் எழுதவேண்டும்.