கடிதத்தில் ஒன்று, வாயில் ஒன்று

உய்யக்கொண்டான் வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, எங்கள் புத்தூர் வழியாக ஊரைக் கடந்து, துவாக்குடிப் பக்கத்து வாழவந்தான்கோட்டை ஏரிக்குப் போய்ச் சேருகிறது. பதினோரு வருடம் நானும் அதே திசையில்தான் வேலைக்குப் போய்வந்தேன். காலையில் புத்தூர் நால்ரோட்டில் பஸ் ஏறி, நடுவில் ஒரு பஸ் மாறி, துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இறங்குவேன். அங்கே கணக்கும் ஸ்டோர்ஸும் என் பொறுப்பு. 2017-ல் அந்த வேலை போயிற்று. அதன்பிறகு தண்ணீர் போகும் திசைக்கு எதிராக, துவாக்குடியிலிருந்து என்னைப் பற்றி ஒரு பேச்சு வந்தது.

பெல் கொதிகலன் ஆலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்தால் முதலில் காய்வது அவைதான். எங்கள் பட்டறையில் இரண்டு ஷிஃப்ட் ஒன்றாயிற்று. வெல்டர்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள். கடைசியில் ஆபீஸிலும் நாலு பேரை நிறுத்தினார்கள். என் கையில் கொடுத்த கடிதத்தில் ‘ஆர்டர் இல்லாததால் ஆட்குறைப்பு’ என்று இருந்தது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் 165 நாள் சம்பளம், நோட்டீஸுக்காக ஒரு மாதச் சம்பளம். அந்தக் கணக்கையும் நானே சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். முதலாளி கும்பிட்டு அனுப்பினார். வருத்தத்தோடு வந்தேன், கோபத்தோடு வரவில்லை.

தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள். பிறகு வேண்டாம் என்று தகவல் வந்தது. நேரில் போய்க் கேட்டேன். ஆடிட்டர் பெரியவர் உட்காரச் சொன்னார்.

“தப்பா நெனச்சுக்காதம்மா. பழைய இடத்துல விசாரிச்சேன். வேலை நல்லாத் தெரியும், ஆனா கணக்குல மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்கன்னு சொன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல.”

அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு அந்த ஒரு வரி போதும். ஒருவரை நேர்மையானவர் என்று புகழ்ந்துகொண்டே திருடர் என்று நம்ப வைக்க முடியும். அதுவும் அவதூறுதான் என்று 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டமே உதாரணம் காட்டி எழுதிவைத்தது. அத்தனை பழைய வித்தை இது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுப்படியில் நின்றபடி பழைய பில்களை மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்த மாத ஸ்டாக்கில் எத்தனை கிலோ ராடு குறைந்தது? எந்த லாரி வாடகையை இரண்டு முறை எழுதிவிட்டேன்? பதினோரு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்விகளை நானே என்னிடம் கேட்டேன். வேலை போனதைவிட இது பெரிய சேதம். ஊர் நம்புகிறதோ இல்லையோ, நான் நம்பத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் தெரு வக்கீல் மாமாதான் என்னை மீட்டார். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தில் ஆட்குறைப்புக்குத் தந்திருந்த விளக்கத்தைப் படித்துக் காட்டினார். ஒழுங்கு நடவடிக்கையாக, தண்டனையாக வேலையைவிட்டு நீக்கினால் அது ஆட்குறைப்பில் சேராது. “உன்னைத் தண்டிக்கலேன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு. வாயால என்ன சொன்னா என்ன?” என்றார்.

அப்போதுதான் முதலாளி என்னைப் பற்றி அப்படிச் சொன்னதன் காரணமும் புரிந்தது. தகடும் குழாயும் கடனுக்கு வாங்கி ஓடும் தொழில் அது. ஆர்டர் இல்லை என்று வெளியே தெரிந்தால் மறுநாளே சப்ளையர் ரொக்கம் கேட்பார், பேங்க் மேனேஜர் போன் செய்வார். நாலு பேரை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஏதோ ஒரு பதில் வேண்டியிருந்தது. தன் பெயரைக் காப்பாற்ற என் பெயரைச் செலவு செய்துவிட்டார். எனக்கு இருந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் ஸ்பிரிங் என்பவருக்கு இப்படியே நடந்தது. 1989-ல் அவரை வேலையிலிருந்து நீக்கிய நிறுவனம், அடுத்து அவர் போகவிருந்த இடத்துக்கு, நேர்மையில்லாதவர் என்ற பொருளில் எழுதி அனுப்பியது. அவர் வழக்குப் போட்டார். முன்னாள் ஊழியரைப் பற்றி எழுதும்போது உண்மையை விசாரித்துக் கவனமாக எழுதும் கடமை முதலாளிக்கு உண்டு என்று 1994-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அவருக்கு எழுத்து கிடைத்தது. என் விஷயத்தில் எல்லாம் போன் பேச்சு. காதால் கேட்டவர் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும். அந்தப் பெரியவரை இழுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

பதிலாக, பழைய முதலாளிக்கு நாலு வரி எழுதினேன். ஆட்குறைப்புக் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டேன். என் கணக்கில் குறை இருந்தால் எந்த மாதம், எந்தத் தொகை என்று எழுத்தில் தெரிவிக்கக் கேட்டேன். குத்தலாக ஒரு சொல் சேர்க்கவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தினேன். பதில் வரவே இல்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டு அந்தக் கடித நகல், ஒப்புகை அட்டை, ஆட்குறைப்புக் கடிதம் மூன்றையும் ஆடிட்டர் மேஜையில் வைத்தேன். என்னிடம் வருடக்கணக்காக வாடகைப் பில் கொடுத்துப் பணம் வாங்கிய லாரிக்காரர் ஒருவரின் நம்பரையும் கொடுத்து, அவரிடம் விசாரிக்கச் சொன்னேன். முதலாளியைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால், இரண்டு பேர் மாறி மாறித் தூற்றிக்கொள்கிறார்கள் என்றுதான் பெரியவர் நினைத்திருப்பார். மறுவாரம் வேலைக்கு வரச் சொன்னார்.

இன்று அந்த ஆபீஸில் விட்டுப்போனவர்களைப் பற்றி விசாரித்து போன் வந்தால் எடுப்பது நான்தான். போன வருடம் ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டார்கள். அவள் விலகிய விதத்தில் எனக்கே மனத்தாங்கல் உண்டு. ‘வேலை தெரியும், ஆனா’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் அவள் ஃபைலை எடுத்துவந்தேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை எல்லாவற்றையும் படித்தேன். “கணக்குல ஏதாவது...?” என்று இழுத்தார்கள்.

“ஃபைல்ல அப்படி ஒண்ணும் இல்ல சார்” என்றேன்.