நூற்றியொரு ரூபாய் மஹரின் இன்றைய மதிப்பு என்ன?



பல ஆண்டுகளுக்கு முன் எழுதிக்கொண்ட ஒரு கடனை இன்று அடைக்க வேண்டுமானால், ஏட்டில் உள்ள எண்ணைக் கொடுத்தால் போதுமா? அல்லது எழுதிய நாளில் அந்த எண்ணுக்கு இருந்த மதிப்பைக் கொடுக்க வேண்டுமா? கிதாபுகளில் மட்டுமே நாம் கண்டிருந்த இக்கேள்வி, சென்ற ஆண்டு எங்கள் நன்னா வஃபாத்தானபோது எங்கள் குடும்பத்தின் முன் வந்து நின்றது.

சொத்தைப் பங்கிடுவதற்கு முன் மய்யித்தின் கடன்களைத் தீர்க்க வேண்டும் என்பது சூரா அன்னிஸாவின் பாகப்பிரிவினை வசனங்கள் வலியுறுத்தும் கட்டளை. ஹஜ்ரத் அவர்கள் கடன்களைப் பற்றி விசாரித்துவிட்டு, “நன்னியின் மஹர் கொடுக்கப்பட்டதா?” என்று கேட்டார்கள். ஜமாஅத்தின் தஃப்தரைப் புரட்டினோம். 1965ஆம் ஆண்டுப் பக்கத்தில், மஹர் 101 ரூபாய் என்றும், அது கடன் மஹர் என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நன்னி அதை ஒருநாளும் கேட்டதில்லை, மன்னித்துவிட்டதாகவும் சொன்னதில்லை. அறுபது ஆண்டுகளாக அது கடனாகவே இருந்திருக்கிறது.

இன்று 101 ரூபாய்க்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் கிடைப்பது அரிது. அன்று அது எவ்வளவு பெரிய தொகை என்பதை அறிய நாங்கள் மூன்று தலைமுறைக் கணக்கையும் எடுத்து உட்கார்ந்தோம்.

நன்னா 1965இல் அரிசி ஆலையொன்றில் மாதம் 60 ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். அரிசி கிலோ ஏறத்தாழ ஒரு ரூபாய் என்பது நன்னியின் நினைவு. எட்டுப் பேர் உண்ட வீட்டில் சம்பளத்தின் பெரும்பகுதி அரிசிக்கும் எண்ணெய்க்குமே போய்விடும். எனினும் அவ்வாண்டில் பத்து கிராம் தங்கத்தின் விலை 72 ரூபாய் அளவில்தான் இருந்தது. ஒரு பவுன் 60 ரூபாய்க்கும் குறைவு. ஆக, ஒரு மாதச் சம்பளம் ஒரு பவுனுக்குச் சமமாக இருந்தது.

அத்தா 1988இல் ஜவுளிக்கடையில் பெற்ற சம்பளம் மாதம் 600 ரூபாய். நன்னாவின் சம்பளத்தைப் போல் பத்து மடங்கு. ஆனால் பவுன் அதற்குள் 2,500 ரூபாயாகிவிட்டது. ஒரு பவுன் வாங்க நான்கு மாதச் சம்பளம் வேண்டும். இன்று எங்கள் தம்பி கடையொன்றில் மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறார். 2025 ஏப்ரலில் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியது. அப்போது ஒரு பவுனுக்கு ஏறத்தாழ ஐந்து மாதச் சம்பளம் வேண்டியிருந்தது.

அரிசியோ வேறு கதை சொல்கிறது. நன்னாவின் சம்பளம் 60 கிலோ அரிசிக்குச் சமம். கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலும் தம்பியின் சம்பளம் 300 கிலோவுக்குச் சமம். தமிழகத்தில் 2011 முதல் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசியும் கிடைக்கிறது. நன்னாவின் காலத்துப் பசி இன்று நம் வீடுகளில் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று சம்பளத்தை விழுங்கிய அரிசியின் இடத்தை இன்று வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் பிடித்துக்கொண்டன. “அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு” என்று பெரியவர்கள் சொல்வதும், “இந்தக் காலத்தில்தான் சம்பளம் அதிகம்” என்று இளையவர்கள் சொல்வதும் பாதி உண்மைகளே. எல்லாப் பொருள்களும் ஒரே வேகத்தில் விலை ஏறுவதில்லை.

மஹர்க் கணக்கில் சிக்கல் இங்கேதான் எழுந்தது. நன்னியின் 101 ரூபாய் அன்று ஏறத்தாழ 100 கிலோ அரிசி. அரிசியால் அளந்தால் இன்று 5,000 ரூபாய். அன்று அது நன்னாவின் ஒன்றே முக்கால் மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. தம்பியின் சம்பளத்தால் அளந்தால் 25,000 ரூபாய். அன்று அது ஏறத்தாழ ஒன்றே முக்கால் பவுன். தங்கத்தால் அளந்தால் 2025 ஏப்ரல் விலையில் 1,20,000 ரூபாய்க்கு மேல். ஒரே கடன், மூன்று அளவுகோல்கள், மூன்று விடைகள். ஏட்டில் உள்ள எண்ணையும் சேர்த்தால் நான்கு.

ஹஜ்ரத் அவர்களிடம் இதைக் கொண்டு சென்றோம். இது புதிய பிரச்சினை அன்று என்று அவர்கள் விளக்கினார்கள். தீனாரும் திர்ஹமும் தங்கமும் வெள்ளியுமாகவே இருந்த காலத்தில் நாணயத்தின் மதிப்பு அதன் உலோகத்திலேயே இருந்தது. ஃபுலூஸ் எனப்பட்ட செப்புக்காசுகள் பெருகியபோதுதான் குழப்பம் தொடங்கியது. எகிப்தின் வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ (ரஹ்) அவர்கள் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சங்களையும் விலையேற்றத்தையும் பற்றி ஒரு நூலே எழுதி, அளவின்றி அடிக்கப்பட்ட செப்புக்காசை அதன் காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார்கள். ஃபுலூஸின் மதிப்பு மாறினாலும் அதே எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. மதிப்பைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்கள் அவர்களின் மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்). பின்னாளில் டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இதற்கென்றே தனி ரிஸாலா எழுதினார்கள்.

நம் கையிலுள்ள காகிதப் பணமோ உலோகத்தோடு எத்தொடர்பும் இல்லாதது. 1971இல் அமெரிக்க டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பும் அறுந்தது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, கடனை அதே நாணயத்தில் அதே தொகையாகவே அடைக்க வேண்டும், விலைவாசிக் குறியீட்டோடு அதை இணைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. எந்த அளவுகோலால் அளப்பது என்பதில் எங்கள் ஒரு வீட்டிலேயே நான்கு விடைகள் வந்தன என்றால், ஊர் முழுவதற்கும் அது எத்தனை வழக்குகளைக் கொண்டுவரும்! வட்டியின் வாசல் அவ்வழியாகத் திறந்துவிடக் கூடாது என்ற அச்சமும் அதில் உண்டு.

ஆயினும் ஹஜ்ரத் அவர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. கட்டாயம் வேறு, இஹ்ஸான் வேறு என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் ஜாபிர் (ரலி) அவர்களுக்குத் தர வேண்டிய கடனை அடைத்தபோது கூடுதலாகவும் கொடுத்தார்கள் என்பது புகாரீயில் வரும் செய்தி. முன்நிபந்தனை ஏதுமின்றி, கடனாளி தாமாக மனமுவந்து கூட்டிக் கொடுப்பது வட்டியாகாது. ஆனால் இங்கே கடனாளி மறைந்துவிட்டார், சொத்து வாரிசுகளுடையது. ஆகவே பருவமடைந்த வாரிசுகள் ஒவ்வொருவரும் தம் பங்கிலிருந்து மனமார விட்டுக்கொடுத்தால் மட்டுமே செல்லும். வயது வராத வாரிசு இருந்தால் அவர் பங்கைத் தொடக் கூடாது.

அத்தாவும் சாச்சாவும் குப்பிமார் இருவரும் கூடிப் பேசினார்கள். சாச்சா கடனில் இருப்பவர். “சம்பளக் கணக்கே நியாயம், தங்கக் கணக்கை என்னால் தாங்க இயலாது” என்று ஒளிக்காமல் சொன்னார். அவரை யாரும் குறை கூறவில்லை. 101 ரூபாய் சொத்திலிருந்து கடனாக எடுத்துவைக்கப்பட்டது. சாச்சா சம்பளக் கணக்கின்படி தம் பங்குக்குரியதைக் கொடுத்தார். மற்ற மூவரும் தங்கக் கணக்கின்படி கொடுத்தார்கள். அனைத்தையும் நன்னியின் கையில் கொடுத்தபோது, “இவ்வளவா? உங்கள் நன்னா இருந்திருந்தால் பேரம் பேசியிருப்பார்” என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அந்த 101 ரூபாயை மட்டும் தனியே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

இனி எழுதப்படும் நிகாஹ்களுக்கு இதில் பாடம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் 500 திர்ஹம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அதன் மதிப்பை நம்மால் கணக்கிட முடிகிறது. ஏனெனில் அது எடை. 2012இல் எங்கள் தங்கைக்கு இரண்டு பவுன் மஹராக எழுதப்பட்டது. அது இன்றும் இரண்டு பவுன்தான். ஆனால் அந்த மஹர் கடனாக நின்றிருந்தால், அன்று 45,000 ரூபாய் அளவில் இருந்த சுமை 2025 ஏப்ரலில் மாப்பிள்ளையின் தலையில் 1,40,000 ரூபாயாக ஏறியிருக்கும். நிகாஹ் மஜ்லிஸிலேயே அது கொடுக்கப்பட்டதால் இருவருக்கும் நிம்மதி. எடையில் எழுதுவோம், இயன்றதை எழுதுவோம், அன்றே கொடுப்போம்.

ஊதியம் கொடுக்கும் இடத்தில் இருப்போரும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், பன்னிரண்டு ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். மக்தபின் உஸ்தாதுக்கும் மஸ்ஜிதின் முஅத்தினுக்கும் கடைப் பையன்களுக்கும் சம்பளத்தை உயர்த்தாமல் வைத்திருப்பது, ஒவ்வோர் ஆண்டும் அதைக் குறைப்பதே. மக்களுக்குரிய பொருளைக் குறைத்துவிடாதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரை எச்சரித்ததைக் குர்ஆன் நமக்கு எடுத்துரைக்கிறது. தராசின் தட்டைக் கையால் அழுத்தினால்தான் அது குறைவு என்பதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு நன்னியின் மஹரோ ஓர் உம்மாவின் மஹரோ தஃப்தரில் கடனாக நிற்கக்கூடும். கொடுக்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் பாருங்கள். அவர் தம் கையாலேயே கூட்டிக் கொடுக்கலாம். வாரிசுகளின் சம்மதம் எதுவும் அதற்குத் தேவையில்லை. நம் கடன்களை அழகிய முறையில் அடைப்போராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.