உதடு மட்டும் அசைந்தவன்

கல்லூரி இசைத்துறையின் ஆண்டறிக்கையை எழுதுவது என் பொறுப்பாயிருந்தது. ஜூனில் குரல்தேர்வு, நவம்பர் 22இல் புனித செசிலியா விழா, டிசம்பரில் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள், தவக்காலத்தில் சிலுவைப்பாதை என யாவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அவ்வாண்டு அறிக்கையில் நான் எழுதாத ஒன்று உண்டு.

பாடகர் குழுவின் சுருதி இறங்கும்போதெல்லாம் இறுதியாண்டு மாணவன் ஒருவனே காரணம் என்று கருதினேன். விழாவுக்கு முன் அவனைத் தனியே அழைத்தேன். மணநாளில் இசைக்கருவிகள் முழங்க, செசிலியா தம் உள்ளத்தில் இறைவனுக்குப் பாடினார் என்பது மரபு. அதைச் சொல்லி, "நீயும் உள்ளத்தில் பாடு தம்பி, உதடு மட்டும் அசையட்டும்" என்றேன். (புனிதையை இதற்குத் துணைக்கழைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) "சரிங்க ஐயா" என்றான். அதன் பின்னும் ஒரு பயிற்சிக்கும் வரத் தவறவில்லை.

பெரிய வியாழனன்று வானவர் கீதத்தோடு கருவிகள் ஓய்ந்தன. பாடலைத் தாங்கும் அளவுக்கு இசைக்கத் திருவழிபாட்டு விதி இடந்தரினும், எங்கள் சிற்றாலயத்தில் அதுவும் வழக்கமில்லை. மறுநாள் திருச்சிலுவை ஆராதனையில் நான்கு அடி பாடுவதற்குள் குழு முழுவதும் அரைக்கட்டை இறங்கிவிட்டது. அத்தனை நாளும் கீபோர்டு எங்கள் எல்லாரையும் மறைத்திருந்தது. கடைசி வரிசையில் அவன் உதடுகள் ஓசையின்றி அசைந்துகொண்டிருந்தன.

தேர்வுகள் முடிந்ததும் பேச எண்ணியிருந்தேன். கடைசித் தேர்வன்றே அவன் ஊருக்குப் பேருந்தேறிவிட்டான். என் மேசைமேல் அவனது பாட்டுப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு வரியிலும், மூச்செடுக்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தான்.