அந்தப் படிக்கட்டு எனக்குத் தெரியும்

நான் என் அக்காவிடம் ஒரு பொய் சொன்னேன். வீடியோ கேம் பற்றிய பொய்தானே என்று இதைப் படிப்பவர்களுக்குத் தோன்றலாம். நானும் மூன்று வருடத்துக்கு மேல் அப்படித்தான் நினைத்திருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

2019 ஜூன். திருச்சியில் பள்ளிக்கூடம் விட்டு வண்டியில் வரும்போது அக்கா விழுந்துவிட்டாள். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. பிளேட் வைத்தார்கள். எட்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். அவள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஒரு நாள்கூடச் சும்மா உட்கார்ந்து பழகாதவள். நான் லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து போனேன். மூன்றாம் நாள் அவளே கேட்டாள்.

"டேய், கதை கதைன்னு சொல்லிட்டு ஒரு கேம் ஆடுவியே, அதுல எனக்கு ஒண்ணு போட்டுக் குடேன். எவ்வளவு நேரம்டா இந்த ஃபேனையே பாத்துக்கிட்டுக் கிடக்கிறது?"

நான் காலேஜில் படித்தபோது என் கம்ப்யூட்டருக்குப் பாதிப் பணம் கொடுத்தவள் அவள். அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை.

என் லேப்டாப்பில் அன்று இரண்டு கேம்கள் இருந்தன. இரண்டுமே ஆர்.பி.ஜி. வகை. அதாவது, ஒரு பாத்திரத்தை ஏற்று, அதை வளர்த்துக்கொண்டே ஒரு கதைக்குள் நடப்பது. ஒன்று 1995-இல் ஜப்பானில் வந்த 'க்ரோனோ ட்ரிக்கர்'. ஒரு பையன் ஊர்த் திருவிழாவுக்குப் போகிறான். கூட்டத்தில் ஒரு பெண்மீது மோதுகிறான். அங்கிருந்து காலத்தில் பின்னும் முன்னும் போகிறது கதை. சண்டையின்போது நீங்கள் பட்டியலில் யோசித்துத் தேர்ந்தெடுக்கும்வரை எதிரி காத்திருக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். கல்கியையும் சாண்டில்யனையும் திரும்பத் திரும்பப் படிக்கிறவள் என் அக்கா. அவளுக்கு அது எவ்வளவு பொருந்தியிருக்கும் என்பது எனக்கு அன்றே தெரியும்.

இன்னொன்று 'டார்க் சோல்ஸ்'. ஹிடெடாகா மியாசாகி இயக்கி, ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011-இல் வெளியிட்டது. கடினத்துக்கே பேர்போனது. 2012-இல் கம்ப்யூட்டருக்கு வந்த பதிப்புக்கு, சாகத் தயாராகு என்ற பொருளில்தான் பெயரே வைத்தார்கள். அதில் எளிய நிலை என்று தேர்ந்தெடுக்க வழி கிடையாது. வரைபடம் கிடையாது. இடையில் நிறுத்திவைக்கவும் முடியாது. செத்தால் அதுவரை சேர்த்த ஆன்மாக்கள் அத்தனையும் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம். போகும் வழியில் மறுபடி செத்தால் அவை நிரந்தரமாகப் போய்விடும். அந்த ஆன்மாக்கள்தான் அங்கே காசு. பலத்தைக் கூட்டிக்கொள்வதும் அவற்றை வைத்துத்தான்.

நான் இரண்டாவதைப் போட்டுக் கொடுத்தேன்.

அது அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. அதை நான் முடித்தவன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவள் தன் கையாலேயே உணர வேண்டும் என்று விரும்பினேன். படுக்கையில் கிடந்தவள் பொழுதுபோக ஒரு துணை கேட்டாள். நான் அவளை என் வெற்றிக்குச் சாட்சியாக உட்காரவைத்தேன்.

கேம் ஒரு பாழடைந்த சிறைக்கூடத்தில் தொடங்கும். எந்த பட்டன் எதற்கு என்று தரையில் ஒளிரும் எழுத்துகளில் எழுதியிருக்கும். பக்கத்தில் போய் பட்டனை அழுத்தினால்தான் படிக்க முடியும். அது அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சிறிது தூரத்தில் ஒரு பெரிய அரக்கன் மேலிருந்து குதிப்பான். கையில் இருப்பதோ உடைந்த வாளின் கைப்பிடி. பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடிவிட வேண்டும். உடைந்த வாளோடு அவள் அவனை எதிர்த்து நின்றாள். ஆறேழு தடவை செத்தாள். ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன்.

இரண்டு சாயங்காலம் போராடி அந்த இடத்தைத் தாண்டினாள். ஒரு பெரிய காகம் வந்து அவளை வேறு தேசத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே ஒரு நெருப்பு எரியும். பக்கத்தில் மனம் உடைந்த வீரன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். எங்கே போக வேண்டும் என்று அவன்தான் சொல்வான். ஆங்கிலத்தில், சுற்றி வளைத்துச் சொல்வான். அவளுக்கு அது பிடிபடவில்லை. கண்ணில் பட்டது கல்லறைத் தோட்டம். அங்கே போனாள். எலும்புக்கூடுகள் எழுந்து வந்து இரண்டு மூன்று வெட்டில் சாய்த்துவிட்டன. மறுபடி போனாள். மறுபடி. மறுபடி.

அது தொடக்கத்தில் போக வேண்டிய இடமே இல்லை. நெருப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில் மேலே ஏறும் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. புதியவர் போக வேண்டிய வழி அதுதான். எனக்குத் தெரியும். மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற வழி எதுவும் இருக்காடா?" என்று கேட்டாள்.

"நீயே தேடுக்கா. அதுலதான் இருக்கு விஷயமே."

"நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"யாரையும் கேக்கலை. நானாத்தான்."

அதுதான் அந்தப் பொய்.

உண்மை இது. ஹாஸ்டலில் அதே கல்லறைத் தோட்டத்தில் நான் இரண்டு நாள் செத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைப் பையன் வந்து பார்த்துவிட்டு, "டேய், பின்னாடி படி இருக்கு பாரு" என்று கை காட்டினான். அவன் காட்டியிராவிட்டால் மூன்றாம் நாள் அந்த கேமை அழித்திருப்பேன். அதற்குப் பிறகும் பாதி வழியை யூடியூப் பார்த்துத்தான் கடந்தேன். எனக்கு ஒருவன் கொடுத்த கையை நான் அக்காவுக்குக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு கை எனக்குக் கிடைத்தது என்பதையே மறைத்தேன்.

அன்று இரவு ஒன்பது மணி இருக்கும். அவள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பால் தம்ளரோடு வந்து, "அம்மா, இதைப் பிடி" என்றாள். அக்கா கன்ட்ரோலரைப் போர்வைமேல் வைத்துவிட்டுத் தம்ளரை வாங்கினாள். கேம் நிற்கவில்லை. பின்தொடர்ந்து வந்த எலும்புக்கூடு வெட்டிவிட்டது. சேர்த்தது எல்லாம் போயிற்று. அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். கன்ட்ரோலரை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாடா. எனக்கு இதெல்லாம் வராது."

நான் வாங்கிக்கொண்டேன். "முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லவில்லை. க்ரோனோ ட்ரிக்கரைத் திறக்கவில்லை. எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

நான்கு நாளில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அவளுக்கு இன்னும் ஏறக்குறைய ஏழு வாரம் படுக்கை. அந்த ஏழு வாரம் அவள் எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்று உங்களுக்கே தெரியும்.

அதன் விலை அதோடு நிற்கவில்லை. அடுத்த வருடம் ஒரு விசேஷ வீட்டில் யாரோ கேம் பற்றிப் பேச்செடுத்தபோது அக்கா சொன்னாள்: "அதுக்கெல்லாம் தனி மூளை வேணும். எனக்குப் பத்தாது." கணக்கு வராது என்று அழும் பிள்ளைகளிடம் இருபது வருடமாக, உனக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். 2022 தீபாவளிக்கு அவள் மகளிடம் போக்கிமான் ஒன்றை நீட்டினேன். எளிய வாக்கியங்கள், ஒவ்வொரு அடியாகக் கற்றுத்தரும் கேம். அவள் தொடவில்லை. "அம்மாவுக்கே வரலை மாமா, எனக்கு எப்படி வரும்?" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் முதல் முறையாக, புதியவர்களுக்கு என்ன கேம் தருவது என்பதைப் படிக்கத் தொடங்கினேன். இருபது வருடம் ஆடியவன் அதுவரை அதை ஒரு கேள்வியாகவே மதித்ததில்லை. 1992-இல் ஸ்கொயர் நிறுவனம் புதியவர்களுக்கென்றே 'ஃபைனல் ஃபேன்டஸி மிஸ்டிக் குவெஸ்ட்' என்று ஒன்றைச் செய்தது. எந்த இடத்திலும் சேவ் செய்யலாம். சண்டையில் தோற்றால் அதே சண்டையை மீண்டும் ஆடலாம். நண்பர்களிடம் அதைக் குழந்தைச் சமாச்சாரம் என்று பல தடவை இழித்துப் பேசியிருக்கிறேன். ஆடிப் பார்த்ததே இல்லை.

'டிராகன் குவெஸ்ட்' என்னை அதைவிடக் கூச வைத்தது. 1986-இல் யூஜி ஹோரீ உருவாக்கியது. இந்த வகை கேமையே அறியாத ஜப்பானியச் சிறுவர்களை மனதில் வைத்துச் செய்தார். அரசன் முன்னால், பூட்டிய அறைக்குள் கதை தொடங்கும். பேச வேண்டும், பெட்டியைத் திறக்க வேண்டும், சாவி எடுக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், படியில் இறங்க வேண்டும். அந்த ஒரு அறையை விட்டு வெளியே வருவதற்குள் வெளியுலகில் தேவைப்படும் செயல்கள் எல்லாம் கைக்கு வந்துவிடும். செத்தால் அரசன் முன்னாலேயே மறுபடி எழுவோம். கையிலிருக்கும் தங்கத்தில் பாதி போகும். பெற்ற அனுபவம் போகாது. முன்பின் தெரியாத ஒரு சிறுவனுக்காக ஒருவர் இவ்வளவு யோசித்திருக்கிறார். நான் என் அக்காவுக்காக ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

யோசித்திருந்தால் கேட்க வேண்டியவை மிக எளியவை. மருந்து சாப்பிட, பிள்ளையோடு பேச, இடையில் நிறுத்திவைக்க முடியுமா? தோற்றால் எவ்வளவு இழப்பாள்? ஆங்கிலம் எவ்வளவு, அதுவும் எப்படிப்பட்ட ஆங்கிலம்? இந்தப் பெரிய கேம்களில் தமிழ் கிடையாது. ஆகவே நம் வீட்டில் ஒருவருக்குத் தரும்போது இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அவளுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்பதை நான் கேட்கவே தேவையில்லை. முப்பது வருடமாகத் தெரியும்.

க்ரோனோ ட்ரிக்கரில் ஒரு நீதிமன்றக் காட்சி வரும். திருவிழாவில் நீங்கள் விளையாட்டாகச் செய்ததெல்லாம் அங்கே சாட்சியாகத் திரும்பி வரும். மோதி விழுந்த பெண்ணை முதலில் விசாரித்தீர்களா, இல்லை தரையில் விழுந்த அவளுடைய பதக்கத்தை முதலில் எடுத்தீர்களா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் அது யாருக்கும் பெரிதாகத் தோன்றியிருக்காது. நான் பதக்கத்தை எடுத்தவன்.

2023 ஆகஸ்டில் 'பால்டர்ஸ் கேட் 3' வந்தது. கேம் ஆடியே பழக்கமில்லாத ஒரு நண்பர் அதை வாங்கலாமா என்று கேட்டார். "தாராளமா" என்று வாய்வரை வந்துவிட்டது. மந்திரங்கள், திறன்கள், இருபது பக்கப் பகடை என்று முதல் அரை மணி நேரத்திலேயே அவர் திணறுவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வந்தது. அந்தக் குணம் என்னைவிட்டுப் போகவில்லை என்று அன்று புரிந்தது. அந்த வாரமே திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹாஸ்டல் பையன் கை காட்டியதைச் சொன்னேன். வழி தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அவள் தோற்றது எனக்குச் சந்தோஷமாக இருந்ததையும் சொன்னேன். அவள் மகளும் அங்கேதான் இருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னேன்.

அக்கா கோபப்படவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவள் என்னை மன்னித்தாள் என்று எழுதினால் அது இன்னொரு பொய். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"படி எங்கடா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

எங்கே என்று சொன்னேன்.